சிவக்கொழுந்து குடித்த எண்ணெய்

சிவக்கொழுந்து இருபத்தாறு வயதுவரை வாய்விட்டுச் சிரித்ததை யாரும் கண்டதில்லை. மேலுதடு பிளந்து பிறந்தவள். சிறுவயதில் யாரோ ஒரு டாக்குத்தர் அவசரத்தில் தைத்துவிட்டதால் உதடு மூக்குப் பக்கம் இழுபட்டு, நடுவில் தடித்த தழும்பும் விழுந்துவிட்டது. கிரகணத்தன்று தாய் பாக்கு வெட்டினாளாம், அதனால்தானாம். பாக்கை வெட்டியவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வெள்ளவத்தையில் அண்ணன் சிவானந்தன் வீட்டில் இருந்துகொண்டு, தெருவுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயருகே பிடித்தபடியே வாழ்ந்தவள் மகள். அந்தத் தலைப்புக்குப் பின்னால் அவள் நன்றாகவே சிரிப்பாள். அது அவள் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு உம்மு குல்தூமுக்கு மட்டும் தெரியும்.

உலக யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் கல்கிசையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நவரத்தினம், கந்தோரில் கிளாக்கர். சாதகம் பொருந்திற்று. பெண்ணைப் பார்த்துவிட்டுப் போன தாய்க்காரி, உதட்டைச் சரிப்படுத்தினால் மேற்கொண்டு கதைக்கலாம் என்று சொல்லியனுப்பினாள். அளவு பிழைத்த சட்டையைத் தையற்காரியிடம் திருப்பி அனுப்புகிற மாதிரித்தான்.

யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குத் தைத்துப் பழகிய ஒரு டாக்குத்தர் அப்போதுதான் சீமையிலிருந்து திரும்பியிருந்தார். பழைய தழும்பை வெட்டி எடுத்து, உதட்டைப் புதிதாகத் தைத்தார். தைத்ததோடு தன் வேலை முடிந்தது, பிடித்து வைக்க வேண்டியது உன் உடம்பு என்றார். வெறுங் கஞ்சியோடு கிடந்தால் காயம் விட்டுப்போகும் என்று எச்சரித்து, நாலு கிழமைக்கு ஈஸ்ட் குளிசை, தோடம்பழச் சாறு, நாளுக்கு இரண்டு கரண்டி சுறா ஈரல் எண்ணெய் என்று எழுதிக் கொடுத்தார்.

அண்ணி கௌரி குளிசையைச் சுவாமிப் படத்தின் முன் வைத்து எடுத்துக் கொடுத்தாள். தோடம்பழம் புளிப்பு, புண் சீழ் கட்டும் என்று மூன்று நாள் முரண்டு பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தாள். சுறா எண்ணெய்க்கு மட்டும் இடமில்லை. கந்தசஷ்டி வருகிற மாதம், சைவ வீடு, மச்ச நாற்றம் படலையைத் தாண்டி வரக்கூடாது. அதற்குப் பதிலாக விரதம் பிடி, முருகன் சுகப்படுத்துவான் என்றான் அண்ணன். பிளந்து அனுப்பியதும் அவன்தானே என்று சிவக்கொழுந்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தால் தையல் விட்டுவிடும் என்று பேசாமல் இருந்தாள்.

ஆனால் அவளுக்கு அந்த உதடு வேண்டும். மாப்பிள்ளைக்காக என்று ஊர் நினைத்தது. அவளுக்குத் தலைப்பைக் கீழே விட்டுவிட்டு ஒரு நாள் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

எண்ணெய்ப் போத்தலை உம்மு குல்தூம் வாங்கித் தன் குசினியில் வைத்தாள். அண்ணிக்கு அந்த நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் சிவக்கொழுந்து சொல்லியிருந்தாள். நாலு கிழமையும் சட்டை அளவெடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வேலியைத் தாண்டினாள். குல்தூம் அவள் நாடியை நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் படாமல் கரண்டியைச் சரித்து ஊற்றுவாள். குமட்டிக்கொண்டு வந்தால் முதுகைத் தடவிவிடுவாள். எண்ணெய்க்குப் பிறகு ஏலக்காய் ஒன்று, வாய் நாற்றம் போக. கந்தசஷ்டி ஆறு நாளும் வீட்டில் விரதம், வேலிக்கு அப்பால் சுறா.

காயம் நூல் பிடித்த மாதிரி ஆறியது. டாக்குத்தரே கண்ணாடியை எடுத்துக் காட்டினார்.

மார்கழி பிறக்குமுன் கல்கிசைக்காரர் திரும்ப வந்தார்கள். தலைப்பைப் பிடிக்காதே என்று கௌரி சொல்லிவைத்திருந்தாள். மாப்பிள்ளையின் தாய் பெண்ணை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கந்தசஷ்டி விரதத்தின் பலன் என்றான் சிவானந்தன். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். தங்கள் வீட்டில் முட்டைகூடப் புழங்காது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உம்மு குல்தூம் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நாலு கெழமையும் என்ட கையால சுறா எண்ணெய் குடிச்ச ஒதடு இது. எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க."

"சுறா எண்ணெயோ? ஆர் குடிச்சது?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். கௌரி நிலத்தைப் பார்த்தாள். சிவக்கொழுந்தின் கை தலைப்பைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது.

"நான் குடிக்கேல்லை," என்றாள். "ராத்தா பிழையாச் சொல்லுறா."

உதட்டில் சிக்காமல், ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது. புது உதட்டால் நாலுபேர் முன் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

உம்மு குல்தூம் அவளைப் பார்த்துவிட்டுப் பழச்சீப்பை மேசையில் வைத்தாள்.

"ஓ, நான்தான் மாறிச் சொல்லிட்டேன். குடிச்சது என்ட தங்கச்சி."

குல்தூமுக்குத் தங்கச்சி கிடையாது. அது அண்ணனுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். எல்லாரும் பழம் சாப்பிட்டார்கள்.

தையில் கலியாணம் என்று முடிவாயிற்று. கலியாணத்துக்கு முதல்நாள் சிவக்கொழுந்து வேலியைத் தாண்டிப் போய் வாசலில் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். குல்தூம் ஏசியிருந்தால் கேட்டிருப்பாள். குல்தூமோ மிச்சம் இருந்த அரைப் போத்தலைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"போற எடத்துல நீங்க சந்தோஷமா இருக்கோணும்."

எட்டு வருஷமாக 'நீ, புள்ள' என்று கூப்பிட்டவள். சிவக்கொழுந்து போத்தலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்து, அதைச் சாக்கடைக் கானில் ஊற்றினாள்.

கல்கிசை வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் மருமகளைக் கூப்பிட்டு உதட்டைக் காட்டுவாள். விரதம் பிடித்த கதையைச் சொல்லச் சொல்லுவாள். சிவக்கொழுந்து ஆறு நாளையும் ஒழுங்காகச் சொல்லுவாள். சொல்லத் தொடங்கும்போதே தலைப்பு வாய்க்குப் போய்விடும்.

"வாய் இப்ப வடிவாத்தானே இருக்கு. இன்னும் என்னத்துக்கு மறைக்கிறாய்?" என்று நவரத்தினம் கேட்பான்.

பழக்கம் என்பாள். அந்தத் தலைப்புக்குப் பின்னால் இப்போது சிரிப்பும் இல்லை.