மான் மார்க் துப்பாக்கியும் அப்பாண்டை நயினாரும்

வியாழக்கிழமை காலை திண்டிவனம் ரயிலில், நயினாரின் வண்டிக்காரர் முனுசாமி விழுப்புரம் வந்து இறங்கினார். என் வீட்டு வாசலில் நின்று, வளைந்துபோன இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, "நயினாரு பூட்டாருங்க" என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"நாலு நாளா சுரம். பொழுது சாஞ்ச பின்னாடி மருந்தக்கூட வாயில வெக்க மாட்டேன்னுட்டாரு. சின்னவரு கெஞ்சிக்கினே இருந்தாரு, கேக்கல. காலையில வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி அடங்கிட்டாரு. மூணு மணிக்கு எடுக்கறாங்க. துப்பாக்கிய உங்க கையாலதான் ஆபீசுல ஒப்படைச்சுக் கட்டணும்னு சொல்லிட்டுப் பூட்டாருங்க."

அடுத்த ரயிலுக்கு இருவரும் கிளம்பினோம். வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டு போனதை இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பாண்டை நயினார் அவர்கள் செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். திண்டிவனத்தில் நிலக்கடலை மண்டியும் சொந்தச் செக்கும் வைத்திருந்தார். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். நடக்கும்போது கண் தரையில்தான் இருக்கும், எறும்பை மிதித்துவிடக் கூடாது என்று. இப்படிப்பட்டவர் இடுப்பில் ஒரு ரிவால்வர் இருந்தது. திண்டிவனம் தாலுக்கா ஆபீசில் ஆயுத லைசென்ஸ் பார்க்கும் குமாஸ்தாவாக நான் மாற்றலாகி வந்த முதல் வருஷமே இந்த அதிசயம் என் மேஜை முன்னால் வந்து நின்றது.

லைசென்ஸ் புதுப்பிக்க வருபவர்கள் ஆயுதத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், சுட்ட தோட்டாக்களின் காலிக் குப்பிகளையும் காட்ட வேண்டும். நயினார் ஒரு மஞ்சள் பையிலிருந்து ஆறு குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஜைனர் ஆறு குண்டு சுட்டிருக்கிறார்! எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"நயினார், எதைச் சுட்டீங்க?"

"சத்தத்தைச் சுட்டேங்க" என்றார் அவர், சிரிக்காமல்.

ஊரறியாமல் முயல் வேட்டை ஆடுகிறார் என்றுதான் நான் முடிவு கட்டினேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "வர்ற ஞாயித்துக்கெழமை ஒலக்கூர் ஏரிக்கு வாங்க. தண்ணி வத்திக் கெடக்குது. நீங்களே பாருங்க" என்றார். போனேன். வெடித்துக் கிடந்த ஏரிக்குள் ஒரு கருவேல மரம். நயினார் அதன் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் பலமாகத் தட்டினார். மரத்திலிருந்த காகங்களும் கொக்குகளும் எழுந்து பறந்தன. கடைசிக் கொக்கு கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகு ரிவால்வரை வானத்தை நோக்கிப் பிடித்து விசையை ஒருமுறை இழுத்தார். என் காது அடைத்துக்கொண்டது.

"இவ்ளோதாங்க. திருடனுக்கும் இதான். சத்தத்தைக் கேட்டா ஓடிடுவான். ஓடலைன்னா கையில இருக்கறதைக் குடுத்துடுவேன்."

"ஆள் மேல சுடவே மாட்டீங்களா?"

"அதுக்கு நான் துப்பாக்கி வாங்கலியே!"

அன்றிலிருந்து எனக்கு அவர் மேல் தீராத ஆவல் பிறந்தது. மற்றவர்கள் துப்பாக்கி குறி தவறினால் பெரிய நஷ்டமில்லை, மறுபடி சுடுவார்கள். இவருக்கு வேண்டியதோ ஒரு சத்தம். அது வந்தே ஆக வேண்டும். வராத அன்று அவர் கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு. ஆகவேதான் துப்பாக்கி வாங்கும்போது எந்தக் கம்பெனி நல்லது என்று அவ்வளவு விசாரித்தார். சென்னைக் கடையில் அவருக்கு நாலைந்து கம்பெனிச் சரக்கைக் காட்டினார்களாம். ஒன்றின் பிடியில் மான் தலை பொறித்திருந்தது. "நம்ம சாந்திநாத தீர்த்தங்கரருக்கு மான்தாங்க சின்னம். மானைப் போட்டவன் ஏமாத்த மாட்டான்னு தோணிச்சு" என்று என்னிடம் சொன்னார். வெள்ளைக்காரன் எதற்காக மானைப் போட்டான், அதை வேட்டையாடத்தானே என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

கடைக்காரர் துப்பாக்கியோடு ஒரு சின்ன எண்ணெய் டப்பாவையும் கொடுத்தாராம். நயினார் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். திமிங்கிலக் கொழுப்பு என்று பதில் வந்ததும் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து தம் செக்கில் ஆட்டிய நிலக்கடலை எண்ணெயைத்தான் வெள்ளிக்கிழமை தோறும் கோழி இறகு கூடத் தொடாமல் வேப்பங்குச்சியில் பஞ்சு சுற்றிப் போட்டுவந்தார். "நம்ம மல்லாட்டை எண்ணெய்க்கு மிஞ்சின எண்ணெய் ஏதுங்க?" என்பார். நானும் ஆமாம் போட்டேன். என் குடைக் கம்பிக்குக்கூடக் கொஞ்சம் வாங்கிப் போட்டேன்.

யுத்தத்துக்கு முந்திய அந்த வருஷங்களில் மான் மார்க்குக்கு நயினாரைவிடப் பெரிய ஏஜெண்டு தென்னாற்காடு ஜில்லாவில் இருந்திருக்க மாட்டார். அவர் வாக்கை நம்பி மண்டிக்காரர்கள் மூன்று பேர் மான் மார்க் வாங்கினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போகும்போது கடையில் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துக் கொடுப்பார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது பின்னால் வேண்டியிருக்கும்.

யுத்தம் வந்தது. சென்னைப் பயணம் நின்றது. அடுத்த வருஷம் ஏரியில் சுட்டுப் பார்த்த ஆறில் ஒன்று வெடிக்கவில்லை. "தோட்டா பழசு" என்றார் நயினார். அதற்கடுத்த வருஷம் இரண்டு வெடிக்கவில்லை. "மானுக்குச் சளி பிடிச்சிருக்குது" என்று சிரித்தார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. பிள்ளை பரீட்சையில் தோற்றால் வாத்தியாரைக் குறை சொல்லும் தகப்பனைப்போல், மழையைச் சொன்னார், வெயிலைச் சொன்னார், தபாலில் வந்த தோட்டாப் பெட்டியைச் சொன்னார். மானை மட்டும் சொல்லவில்லை.

அந்த வருஷம் பங்குனியில், அனந்தபுரம் சந்தைக்குப் போய்விட்டு உச்சி வேளையில் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவர் முனுசாமி. புளியமரச் சாலையில் மூன்று பேர் மறித்தார்கள். "பயப்படாதே முனுசாமி, சத்தத்துக்கே ஓடிடுவானுங்க" என்று நயினார் துப்பாக்கியை வானத்தை நோக்கிப் பிடித்து இழுத்தார். துப்பாக்கிக் குதிரை, அதாவது தோட்டாவைத் தட்டும் சின்னச் சுத்தி, பாதி எழும்பி, தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் தலையைப்போல மெதுவாகப் படுத்தது. மறுபடி இழுத்தார். அதேதான். வந்தவர்களில் ஒருவன் சிரித்தானாம். சத்தம் வரும் என்ற தைரியத்தில் முனுசாமி அதற்குள் வண்டியிலிருந்து குதித்து முன்னால் போய்விட்டார். தடி அவர் இடது கையில் விழுந்தது. நயினார் காதுக் கடுக்கனையும் பையையும் தாமே கழற்றிக் கொடுத்துவிட்டு, முனுசாமியை மடியில் போட்டுக்கொண்டு தாமே வண்டியை ஓட்டிச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை.

மறுவாரம் நயினார் ஆபீசுக்கு வந்தார். துப்பாக்கியை என் மேஜையில் வைத்துவிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதை நீங்களே வெச்சிக்குங்க. சாமி சின்னத்தைப் போட்டுக்கினு பொய் சொல்லிடுச்சு. என்கிட்ட சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, முனுசாமிகிட்ட சொல்லிடுச்சு."

மண்டியிலும் அதையே சொன்னார். மான் மார்க்கை நம்பாதீர்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வாங்கிய மூவரில் இரண்டு பேர் விற்றுவிட்டார்கள். நயினார் அவர்கள் பிறரைக் குறை சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வருஷம்தான். ஒரு துப்பாக்கியைத் திட்டுவதற்கு அவ்வளவு துக்கம் வேண்டுமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் மனத்தில் அது துப்பாக்கி அல்ல, முனுசாமிக்குத் தாம் கொடுத்த வாக்கு.

சீமைக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து புலித்தலை பொறித்த வேறு கம்பெனி ரிவால்வர் ஒன்று கிடைத்தது. லைசென்ஸில் நம்பரை மாற்றிக் கொடுத்தேன். வாங்கிய புதிதில் அது நன்றாக வெடித்தது. ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் பதினோரு மணி வெயிலில் நயினார் ஓட்டமும் நடையுமாக ஆபீசுக்குள் வந்தார். கண் தரையில் இல்லை.

"குமாஸ்தா, புலிக்கும் சளி பிடிச்சிடுச்சு!"

"அப்படின்னா அதையும் இங்கே கட்டிடுங்க."

"இல்லீங்க, யோசிச்சுப் பாருங்க. கம்பெனி வேற. தோட்டா வேற. மிருகம் வேற. நோய் மட்டும் ஒண்ணா இருக்குதே, எப்படி? ரெண்டுத்துக்கும் பொதுவா இருக்கறது என்னா?"

அவர் முகத்தில் சந்தோஷமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தன. "உங்க கை" என்றேன் விளையாட்டாக. "கைதான். கையில இருந்தது என்னா?" என்றார்.

எதிர்ச் சாரியில் தையல் கடை வைத்திருந்த சாயபுவிடம் போனோம். நயினார் கேட்ட கேள்வியைச் சாயபு முடிக்கக்கூட விடவில்லை. "மல்லாட்டை எண்ணெயா? மிஷினுக்கா? அரே, நாளாக நாளாகப் பிசினாட்டம் ஒட்டிக்குமே! எம்பொண்ணு ஒரு தபா ஊத்திட்டு நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும். மண்ணெண்ணெயில கழுவி மிஷின் எண்ணெய் போடுங்க, ஜல்தி சரியாப் பூடும்." அந்த மிஷின் எண்ணெய் பூமியிலிருந்து எடுப்பது, எந்தப் பிராணியும் அதில் இல்லை என்று நயினார் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இரும்புப் பெட்டியில் கிடந்த மானைத் தாசில்தார் உத்தரவோடு வெளியே எடுத்தோம். என் வீட்டு விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். உள்ளேயிருந்து தேன் நிறத்தில் பிசுபிசுவென்று வந்தது. நயினார் அதை விரலில் எடுத்து முகர்ந்தார். தம் செக்கின் வாசனை. சென்னைக் கடைக்காரர் வருஷா வருஷம் சொல்லாமல் கழுவிக் கொடுத்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒலக்கூர் ஏரியில் கை தட்டி, பறவைகளை அனுப்பிவிட்டு இழுத்தார். ஆறுக்கு ஆறு.

நான் துள்ளிக் குதித்தேன். நயினார் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "மான் பொய் சொல்லலீங்க. என் எண்ணெய்தான் பொய் சொல்லிச்சு. என் வீட்டுச் சரக்காச்சேன்னு அது மேல மட்டும் எனக்குச் சந்தேகமே வரல பாருங்க."

இதை இத்தோடு விட்டிருக்கலாம். அறிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர், சாயபுவைச் சேர்த்தால் மூன்று. நான்கூட, "முனுசாமிக்கு இப்போ எதுக்கு? கம்பெனி மேலயே இருக்கட்டுமே" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் நேராக முனுசாமியின் குடிசைக்கு நடந்தார். சேரிக்குள் அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. முனுசாமி எழுந்து நிற்க, நயினாரும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "உன் கை போனதுக்குக் காரணம் வெள்ளைக்காரன் இல்லப்பா. நான்தான்."

முனுசாமி வளைந்த கையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு, "எண்ணெ மேல குத்தமில்லீங்க. எங்க வூட்டுல அதுலதான் கேப்பை அடை சுடறோம், ருசியாத்தான் இருக்குது. துப்பாக்கி வாயில ஊத்துனது நீங்க" என்றார். நயினார் தலையாட்டினார். "வலி இருக்குதுங்க, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எம்மேலதாண்டா தப்புன்னு எங்கிட்ட வந்து சொன்ன மொத மனுசரு நீங்கதான்" என்று முனுசாமி சொன்னபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மண்டியில், துப்பாக்கியை விற்றவர்கள் இருவர் முன்னாலும் நயினார் தம் தவற்றைச் சொன்னார். எண்ணெய் வியாபாரியே எண்ணெயால் கெட்டார் என்று மண்டி ஒரு மாதம் சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். புலியை ஆபீசில் கட்டிவிட்டு, மானையே திரும்ப லைசென்ஸில் எழுதி வாங்கிக்கொண்டார். மானை மறுபடி நம்புகிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "இனிமே கும்பிடவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன். தொடச்சு வெப்பேன்" என்றார்.

வியாழக்கிழமை மாலை, சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அவர் மகன் துப்பாக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். வெள்ளைத் துணி, பக்கத்தில் மிஷின் எண்ணெய்ப் புட்டி. தண்ணீர் வடிகட்டும் அதே துணிதான். கட்டுவதற்கு முன் தோட்டாக்களை எடுத்துவிட்டு விசையைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. எடுத்துவிட்டு முற்றத்தில் வானத்தை நோக்கிப் பிடித்தேன். வேப்பமரத்தில் காகங்கள் அடைய வந்திருந்தன.

"இருங்க" என்றார் முனுசாமி.

"தோட்டா இல்லப்பா, சத்தம் வராது" என்றேன்.

"இருந்தாலும் இருங்க."

நல்ல கையை உயர்த்தி, வளைந்த கையின் மேல் ஓங்கித் தட்டினார். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. இன்னொரு முறையும் தட்டினார். காகங்கள் எழுந்து பறந்தன. கடைசிக் காகம் போகும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"இப்போ இழுங்க."

இழுத்தேன். ஆறு முறை. ஆறு முறையும் குதிரை சுத்தமாக விழுந்தது. நயினார் அவர்களே, வாக்குத் தவறவில்லை, நிம்மதியாகப் போய் வாருங்கள்.