கிராணி சொன்ன கதை

"பால் ஏற்றிப்போன லோரி திரும்பி வரத் தாமதமானதால் என் அப்பா இறந்துபோனார்." ஆங்கிலத்தில், பள்ளிக்கூட நோட்டு ஒன்றில், இப்படித்தான் அக்காவின் கதை தொடங்கியது. ஈப்போவில் நான் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தவர்; எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப்போன அப்பாவைப் பாம்பு கடித்தபோது அவருக்கு ஒன்பது வயது. இருந்த ஒரே லோரியை, "பால் கெட்டுப்போகும், கொட்டிட்டு வரட்டும்" என்று ஆலைக்கு அனுப்பிவிட்டான் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. பால் நிறுக்கும் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் அப்பா காத்துக் கிடந்தார். இவ்வளவையும் இரண்டே பக்கத்தில், சுற்றிவளைக்காமல் எழுதியிருந்தார் அக்கா.

நான் அதைத் திருத்தினேன். நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது. முதல் வரியிலேயே சாவைச் சொல்லிவிட்டால் மிச்சத்தை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். கதையைக் கிராணியின் வாயால் சொல்லுங்கள். பாலைப் பற்றியும் மழையைப் பற்றியும் நல்ல மனிதனைப்போல அவன் பேசிக்கொண்டே போகட்டும். கொட்டகையில் ஒருவர் கிடப்பது கடைசி வரியில்தான் தெரிய வேண்டும் என்றேன். நம்பத்தகாத கதைசொல்லி, இறுதித் திருப்பம் என்று வகுப்பில் சொல்வதையெல்லாம் அவர் தலையிலும் கொட்டினேன்.

"எங்கப்பா கதைய அந்தாளு சொல்லணுமா, டீச்சர்?"

"அவன் சொன்னாத்தான்க்கா படிக்கிறவங்களுக்கு அவன்மேல கோவம் வரும்."

"இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவாங்களா?"

"நல்லா எழுதுறவங்க அப்படித்தான் எழுதுவாங்க."

மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து நான்கு முறை மாற்றி எழுதினார். ஒரு போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு நாளில் கதையை மேடையில் வாசித்தார்கள். கடைசி வரி வந்ததும் மண்டபத்தில் எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் எழுந்து நின்று தட்டினேன். சிலிம் ரிவரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அக்காவின் அண்ணனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தங்கையின் பக்கம் குனிந்தார்.

"அப்பா பேரு எங்கம்மா வருது? எனக்குக் கேக்கலையே."

"பேரு வராதுண்ணே. கடைசியில 'ஒரு ஆளு'ன்னு மட்டும் வரும் லா."

"அதுக்கா கைதட்டுனாங்க?"



அந்தக் கதையைப் பரிசுக் கதைகளின் தொகுப்பில் சேர்க்கக் கேட்டபோது அக்கா மறுத்துவிட்டார். ஓய்வுபெற்று இப்போது காம்பாரில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் ஒவ்வோர் ஆண்டும் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன். அந்த உத்தியில் குற்றம் கண்டுபிடிக்கவும் முடியவில்லை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. அக்காவுக்கு அந்தக் கதை எதற்காக வேண்டியிருந்தது என்று நான் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். முதலில் எழுதியதுபோலவே திரும்ப எழுதுங்கள் என்று கெஞ்சினேன்.

"உக்காந்து பாத்துட்டேன், டீச்சர்," என்றார். "பேனாவ எடுத்தா அந்தக் கிராணிதான் பேசுறான். அப்பா வாயே தொறக்க மாட்டேங்குறாரு."