மேனேஜருக்கு ‘ஹேஸ்’

இங்கிலீஷ் இலக்கணம் என்றாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். அறுபதுகளில் தாராவியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து, ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனிக்கு டெம்பரரி டைப்பிஸ்டாகப் போய்க்கொண்டிருந்தேன். வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டால், எனக்கு ஊரில் பேசிக்கொண்டிருந்த சம்பந்தத்தை விட்டுவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு ஒரே ஒரு பரீட்சை. மேனேஜரின் முடிவுகளைத் தெரிவித்து, முறைப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ஸ்பெல்லிங்கில் என்னை யாரும் அசைக்க முடியாது. உயிரை வாங்கியது ‘ஹேஸ்’. பள்ளிக்கூடத்தில் ‘ஹீ’ என்றால் அவன், அவனுக்கு ‘ஹேஸ்’. ‘தே’ என்றால் அவர்கள், அவர்களுக்கு ‘ஹேவ்’ என்று உருப்போட வைத்தார்கள். நடுவில் இருக்கிற ‘அவர்’ எங்கே போவார்? அதை மட்டும் ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. பியூனுக்கு ‘ஹேஸ்’ போடலாம். மேனேஜருக்கும் அதையே போட எனக்குக் கை வரவில்லை. அம்மாவிடம் வேறு கேட்டுத் தொலைத்தேன்.

“ஏட்டி, பெரிய மனுசருக்கும் பியூனுக்கும் ஒரே வார்த்தையா? நாலு பேரு படிக்கது, மரியாதையா எழுது,” என்றாள்.

கடிதம் முழுக்க மேனேஜருக்கு ‘ஹேவ்’ போட்டேன்.

மூன்றாம் நாள் ஹெட் கிளார்க் கூப்பிட்டார். மாட்டுங்கா பக்கத்துத் தமிழர், நல்ல மனிதர்தான்.

“ஏம்மா, மேனேஜர் ஒருத்தர்தானே இருக்கார்? எதுக்கு ‘ஹேவ்’?”

“நீங்களும் ‘இருக்கார்’னுதானே சார் சொல்லுதிய. ‘இருக்கான்’னு சொல்லலியே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது தமிழ்ம்மா. மேனேஜர் படிச்சுட்டுச் சிரிச்சார். வேற ஆள் பாருன்னுட்டார்.”

மரியாதை கொடுத்ததற்குச் சிரிப்பா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு விட்டாரா ஹெட் கிளார்க், ஒரு தாளை நீட்டி டைப் அடித்துத் தரச் சொன்னார். என்னை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம். அந்த அறையில் டைப்பிஸ்ட் நான் ஒருத்திதான். ‘தி மேனேஜர் ஹேஸ் டிசைடெட்’ என்று ஆரம்பித்தது. மூன்று நகல் அடித்தேன், ஒரு தப்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நான் முகம்கூடப் பார்த்திராத அந்த ஆள், வரிக்கு வரி ‘மாப்பிள்ளை அவர்கள்’.

“ஒருத்தர்தானேப்பா, எதுக்கு ‘அவர்கள்’?” என்று கேட்டே விட்டேன்.

“மரியாதைட்டி,” என்றார் அப்பா, தலை நிமிராமல்.