கில்ராய் துரைக்கு மக்தலேனா சின்னம்மா அழுத அழுகை

மக்தலேனா சின்னம்மா என் அம்மாவுக்கு நேர் இளையவள். அவள் புருஷன் சிலுவைமுத்து ரங்கூன் ரயிலில் பயர்மேன். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. அந்த எஞ்சினை ஓட்டியவர் கில்ராய் துரை. அவரை இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துபோகும். அவர் ஐரிஷ்காரர்.

மிங்கலா தாங்ஞுன்ட் ரயில்வே லைன் குடியிருப்பில் அவர் வீட்டுச் சமையல் சின்னம்மாவுடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐரிஷ்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவார்கள். ரயில்காரர்கள், ஒரு போலீஸ் சார்ஜண்ட், ஆஸ்பத்திரி நர்ஸ் நோராவம்மா. துரை பிடில் வாசிப்பார். ஆட வைக்கிற பாட்டு ஒன்று வந்தால் பின்னாலேயே அழ வைக்கிற பாட்டு ஒன்று வரும். நடுவில் கேலி. லைன்காரர்களோடு பழகி அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

“சிலுவை, நரகத்துல கரி அள்ளிப் போடுற வேலை உனக்குத்தான். பயப்படாதே, டிரைவரா நானும் வரேன்.”

“அங்கேயாச்சும் நேரத்துக்கு வண்டிய எடுங்க தொரை,” என்பார் சித்தப்பா.

1922இல் ஐரிஷ்காரர்கள் ஊரில் சண்டை மூண்டது. இங்கிலீஷ்காரனோடு செய்த உடன்படிக்கை சரி என்று ஒரு கட்சி, துரோகம் என்று ஒரு கட்சி. அண்ணன் தம்பியே சுட்டுக்கொண்டார்களாம். அந்தப் பகை கடல் தாண்டி துரை வீட்டுக்கும் வந்தது. ஒரு ஞாயிறு சார்ஜண்ட் நாற்காலியை உதைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு நான்கு பேர். அதற்கப்புறம் நோராவம்மா மட்டும். துரை பிடிலைத் தொடுவதில்லை. மறு வருஷ மழையில் அவருக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது.

பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் சின்னம்மாவைக் கூப்பிட்டார்.

“மக்தலேனா, நீ சாவு வீட்டுல நல்லா அழுவேன்னு சிலுவை சொன்னான்.”

“அதெல்லாம் முன்னே தொரை. ஒப்பாரி கூடாதுன்னு சாமியார் சொல்லிட்டார்.”

“எங்கம்மாவும் ஊர்ச் சாவுக்கெல்லாம் அழுறவதான். அங்கேயும் சாமியார் திட்டுவார். அவ நிறுத்தல. எனக்கு அப்படி அழத் தெரிஞ்ச பொம்பளை இங்க இல்ல. நீ அழு.”

சின்னம்மா சரியென்றுவிட்டாள். அப்போது அவள் மகள் செசிலியாவுக்குக் கல்யாணம் பேசி, கோயிலில் இரண்டு ஞாயிறு ஜோடியின் பெயர் சொல்லிக் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலையும் வாசித்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை மைக்கேல் ஆபீஸ் கிளார்க், பெரிய இடம்.

“மூணாம் ஓலை முடியட்டும். சாமியார் கோவிச்சுக்கிட்டா பொண்ணு கதி என்ன?” என்றார் சித்தப்பா.

“வாக்குக் குடுத்துட்டேனே.”

துரை சனிக்கிழமை காலையில் போய்விட்டார். சாயங்காலமே அடக்கம். பகை கொண்டவர்களும் வந்து, சுவருக்கு ஒரு கட்சியாக நின்றார்கள். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிச் சிரிப்பது அவர்கள் வழக்கம். அன்று யாரும் வாய் திறக்கவில்லை. வெளித் தாழ்வாரத்தில் லைன் தமிழர்கள்; மைக்கேலின் தாயும் இருந்தாள்.

சின்னம்மா முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். முறை சொல்லாமல் ஒப்பாரி வைக்க முடியாது. அண்ணன் முறை வைத்தாள்.

“கப்பலேறி வந்த அண்ணே
கரைகாணாப் போனியே
பெத்தவ பேர் சொல்லி அழ
பெறத்தியா நான் வந்தேனே…”

நோராவம்மா விம்மினாள். சார்ஜண்ட் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு வந்து ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அண்ணனுக்கு அழுவது சின்னம்மாவுக்கு நாலு வரிதான் தெரியும். அவள் தாய் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது பெற்றவளுக்கும் புருஷனுக்கும் அழுவது. அழுகை ஏறியதும் வாய் பழகின தடத்தில் ஓடிவிட்டது.

“வச்ச பூ வாடலையே என் ராசா
வாசலிலே விட்டியே
கட்டின தாலி மின்னுதே
கண்மூடிப் போனியே…”

உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் எல்லாரும் அழுதார்கள். தாழ்வாரத்தில் எல்லாம் புரிந்தது. மைக்கேலின் தாய் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

நோராவம்மா சித்தப்பாவிடம், என்ன சொல்லி அழுகிறாள் என்று கேட்டாள்.

“அண்ணனுக்கு அழுவுறாம்மா,” என்றார் சித்தப்பா.

மறுநாள் சாமியார் இரண்டு ஜோடிப் பெயர் வாசித்தார். செசிலியா பெயர் வரவில்லை. ஒப்பாரிக்காக அவர் ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையிலேயே மாப்பிள்ளை வீட்டார் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். குழாயடியில் பக்கத்து வீட்டுக் கனகாம்பாள், “இன்னும் தாலிய கழட்டலியாக்கா?” என்று கேட்டாள்.

“வாய் தவறிப் போச்சுங்க,” என்றாள் சின்னம்மா வீட்டில்.

“தெரியும்,” என்றார் சித்தப்பா. அந்த மாதமே தவுங்கூவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். செசிலியாவை நாலு வருஷம் கழித்து, கியாக்தானில் கடை வைத்திருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள்.

1929இல் சித்தப்பா தவுங்கூவில் இறந்தார். சின்னம்மா ரயிலேறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்டுகள் வட்டமாக உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார்கள்.

“அழும்மா,” என்றாள் செசிலியா.

சின்னம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். பெட்டி மூடுகிறவரைக்கும் எடுக்கவில்லை.