ரிப்பன் கட்டிய ஒயர்கள்

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் என் கணவர் ஆசை ஆசையாக ஒரு ஸ்பீக்கர் செட் வாங்கி வைத்தார். ஆனால் தரையெல்லாம் ஒயர். பெருக்குவதற்கு இடைஞ்சலாக இருந்ததால், அவர் வேலைக்குப் போனதும் எல்லா ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து, ரிப்பனால் இறுக்கிக் கட்டிச் சுவரோரம் ஒதுக்கிவிட்டேன். சடை பின்னியதுபோல அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவர் பாட்டுப் போட்டார். பாட்டோடு சேர்ந்து வண்டு குடைவதுபோல ஓர் இரைச்சலும் வந்தது. ஸ்பீக்கர் போய்விட்டதென்று முகம் வாடி, பாட்டுப் பைத்தியமான தன் நண்பரைக் கூட்டிவந்தார். நண்பர் ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"மாப்ள, கரண்டு ஒயரையும் பாட்டு ஒயரையும் யாரு சேத்துக் கட்டுனது? அந்த இரைச்சல் இதுல ஏறத்தான செய்யும்."

"நாந்தாண்ணே. கூட்டிப் பெருக்க முடியல," என்றேன்.

ரிப்பனை அவிழ்த்து, கரண்டு ஒயரை ஒரு பக்கமும் பாட்டு ஒயரை மறுபக்கமுமாக, தரையில் படாமல் ஸ்டாண்டிலேயே மாட்டினார்கள். இரைச்சல் அடங்கியது.

"இப்பக் கேளு. பாடுறவுக மூச்சு விடுறதுகூடக் கேக்கும்," என்றார் கணவர் பெருமையாக.

பாடுகிற அம்மா மூச்சு வாங்குவது உண்மையிலேயே கேட்டது.

"ஆமா, பாவம். சித்த நிறுத்துங்க, அந்தம்மா ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும்," என்றேன்.

நண்பர் சிரித்த சிரிப்பில் மிச்சப் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை.