மடிப்புக்காரர் வீட்டு ஆமைக்குட்டி

ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு தட்டு தட்டுவார். ‘சுர்’ரென்று வெடுக்காகக் கேட்டால் பருத்திக்குச் சரி. சத்தம் சோம்பலாக இழுத்தால் பட்டுக்குச் சரி. சத்தமே வராவிட்டால் பெட்டியைப் பார்த்து, “இன்னும் தூக்கம் தெளியலையா துரைக்கு?” என்பார்.

தெருவில் அவருக்கு மடிப்புக்காரர் என்றுதான் பெயர். முன்னறை கடை, பின்னறை குடித்தனம். நாற்பது வருடமாக அவருக்கு இருக்கும் ஒரே பகை ஈரம். காலருக்குள் ஒளிந்த ஈரம், பையின் மூலையில் பதுங்கிய ஈரம், எல்லாவற்றையும் புறங்கையால் தடவியே பிடித்துவிடுவார். ஒரு சட்டை ஈரத்தோடு மூட்டைக்குள் போனால் பத்துச் சட்டைக்குப் பூஞ்சை. துணியில் தெளிக்கிற தண்ணீர்கூட ஆவியாகித் தொலைவதற்குத்தான் என்பது அவர் கட்சி. குளித்துவிட்டுத் துவட்டிய துண்டைக்கூட ஒரு தேய்ப்புத் தேய்த்துத்தான் கொடியில் போடுவார். “இவரு அழுதாக்கூட தண்ணி வராது, ஆவிதான் வரும்” என்பாள் மனைவி.

அந்த வீட்டுக்குள்தான் தீப்பெட்டி அளவில் ஓர் ஆமைக்குட்டி வந்து சேர்ந்தது. ஊர் மாறிப் போன பாட்டு டீச்சர், கடைசி மூட்டையை வாங்க வந்தபோது ஒரு செருப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார். “உங்க கடையிலதான் எப்பவும் கதகதப்பா இருக்கும். நீங்கதான் வளர்க்கணும்.” சூடு வேண்டும், தினமும் குளியல் வேண்டும் என்று இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். மனிதர் தனக்குப் பிடித்த சூட்டை மட்டும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

குறை சொல்ல முடியாத கவனிப்புதான். தேய்ப்பு மேசைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி, மேலே ஒரு விளக்கு, தரையில் நாலாக மடித்துத் தேய்த்த பருத்தி விரிப்பு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றுவார். கீரையைக் கழுவி, இலை இலையாகத் துடைத்து, இரண்டு துணிக்கு நடுவே வைத்து ஆறிய இஸ்திரிப் பெட்டியால் லேசாக ஓர் இழுப்பு இழுத்துத்தான் போடுவார். யாரும் சிரிக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்த செல்லம் அதுதான்.

மூன்று நாள் தின்றது. நாலாம் நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆறாம் நாள் கண்ணே திறக்கவில்லை.

“தூங்குது” என்றார்.

“தூங்குறதுக்கும் துவண்டு கிடக்குறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? எந்திரிங்க.”

பட்டப்பகலில் கடையைச் சாத்தினார். சட்டைப்பையில் குட்டியை வைத்து, மேலே உள்ளங்கையை மூடிக்கொண்டு நடந்தார். மனைவி கூடவே போனாள்.

கால்நடை மருத்துவரம்மா குட்டியைத் திருப்பிப் பார்த்தார். “தினம் தண்ணியில விடுறீங்களா?”

“தண்ணியிலயா? சொட்டு ஈரம் படாம, நல்லா உலர்த்தி வச்சிருக்கேன் டாக்டரம்மா.”

“உலர்த்தித்தான் வச்சிருக்கீங்க.” அவர் குரலை உயர்த்தவில்லை. “இது பச்சக் குழந்த. இந்தச் சூட்டுல உடம்புத் தண்ணியெல்லாம் வத்திப்போச்சு. தினம் இருபது நிமிஷம் வெதுவெதுன்னு தண்ணியில நிக்க வைங்க. தாடை வரைக்கும்தான், தல வெளிய இருக்கணும். பெட்டியில ஈர மண்ணு போடுங்க.”

“பிழைச்சுக்குமா?”

“கண்ணத் திறந்து ஒரு வாய் தின்னுச்சுன்னா பயமில்ல. அதுக்கு முன்னாடி என்னால சொல்ல முடியாது.”

வீட்டுக்கு வந்ததும் விரிப்பை உருவி எறிந்தார். மண்ணைக் கொட்டி, தானே தண்ணீர் ஊற்றிப் பிசைந்தார். ஒரு குழித்தட்டில் வெந்நீர் விளாவி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் குட்டியை இறக்கினார். தலை சாயாமல் தாடைக்கு அடியில் சுண்டுவிரலை முட்டுக் கொடுத்தபடி இருபது நிமிடமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“கால் மரத்துப்போகும், நான் பிடிக்கிறேன்” என்றாள் மனைவி.

“வேணாம். நான்தான காயவச்சேன்.”

மூன்றாம் நாள் குளியலில் தண்ணீர் கலங்கியது. தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினார். “இந்தா பாரு, அழுக்கு பண்ணிருக்கு.”

“ஊரு அழுக்கையெல்லாம் திட்டித் தீர்த்த மனுஷனா இது?” என்றவள், அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் காலை இடது கண்ணில் ஒரு கீற்று. பிறகு வலது கண். மடிப்புக்காரர் தரையில் குப்புறப் படுத்து, ஓர் இளங்கீரை இலையை நுனிவிரலில் நீட்டினார். வாசலில் யாரோ, “அண்ணே, சட்டை ரெடியா?” என்றார்கள். “கொஞ்சம் பொறுங்க, உள்ள ஒரு புள்ளைக்கு உடம்பு சரியில்ல” என்று மனைவி மெல்லச் சொன்னாள்.

கழுத்து நீண்டது. உள்ளே போனது. மறுபடி நீண்டது. ஊசிமுனை அளவு வாய் திறந்தது. அவருக்கும் தானாக வாய் திறந்தது. இலையின் ஓரத்தில் பிறை போல ஒரு கடி விழுந்தது. ஆமை மென்றது. கன்னத்தில் மண் ஒட்டியபடி, வெறும் வாயை அவரும் கூடவே மென்றுகொண்டிருந்தார்.