போகிற ஆள்

வெளிநாட்டில் வேர்விட்ட குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டில் எல்லாரும் புது நாட்டின் குடியுரிமையை வாங்கிக்கொண்டாலும், ஒரே ஒருத்தர் மட்டும் பழைய பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருப்பார். சொந்த நாட்டில் விட்டுவிட்டு வந்த பெற்றோருக்கு ஏதாவது ஒன்று என்றால், விசாவுக்கு வரிசையில் நிற்காமல் அன்றைக்கே விமானம் ஏற ஓர் ஆள் வேண்டுமே! அவருக்குப் பெயர் ‘போகிற ஆள்’. அதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டெல்லாம் முடிவு செய்வதில்லை. குடும்பத்தில் யாருக்கு எதிர்த்துப் பேச வராதோ அவர் தலையில் அது தானாக வந்து விழுந்துவிடும்.

இந்தக் குடும்பத்தில் அது கடைக்குட்டியின் தலையில் விழுந்தது.

கடைக்குட்டி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முன்நெற்றியில் நரை, மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப். மூன்று பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்த குற்றத்துக்கு அந்தப் பெயர் அவளை விடவே இல்லை. பெரிய வணிக வளாகம் ஒன்றின் கீழ்த்தளத்தில், சாவிக்கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, துணி திருத்தித் தருகிற கடையில் வேலை. கால்சட்டை நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பது, பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து விடுவது. இளைத்தவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். பெருத்தவர்கள் துணி சுருங்கிவிட்டதாகச் சொல்வார்கள். அவள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தலையாட்டிவிட்டு, குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு முட்டி போட்டுவிடுவாள்.

அண்ணன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். முதலில் வந்தவர் அவர். பிறகு அக்காவை அழைத்துக்கொண்டார், கடைசியாக இவளை. அண்ணன் புதுக் குடியுரிமை வாங்கிய கையோடு அப்பா படுத்துவிட்டார். விசாவுக்கு எழுதிப்போட்டு அண்ணன் காத்திருந்தார். விசா வருவதற்குள் அப்பா போய்விட்டார். அன்றைக்கு அண்ணன் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் யாரும் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. அது நிஜமான அழுகை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்காவுக்கும் இவளுக்கும் குடியுரிமைக்கு முறை வந்தபோது, அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு நடந்தது.

“அப்பாவுக்கு ஆன மாதிரி அம்மாவுக்கு ஆகக் கூடாது. நம்மள்ல ஒருத்தராவது பழைய பாஸ்போர்ட்லயே இருக்கணும்” என்றார் அண்ணன்.

“எனக்குப் பசங்க படிப்பு இருக்கு” என்றாள் அக்கா உடனே.

இரண்டு பேரும் கடைக்குட்டியைப் பார்த்தார்கள். அவளுக்குப் பிள்ளையா குட்டியா? அவள் சரி என்றாள். வருத்தத்தோடு சொல்லவில்லை, பெருமையோடுதான் சொன்னாள். அன்று மாலையே அம்மாவுக்குப் போன் போட்டு, “எப்ப கூப்பிட்டாலும் மறுநாள் உன் வாசல்ல நிப்பேன்மா” என்றாள். அம்மா அதை அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் பேப்பர் சிக்கல், பாவம், நினைத்தபோது வர முடியாது. சின்னவளுக்கு எந்தத் தடையும் இல்லை, கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவாள். அம்மாவுக்கு வெளிநாட்டு விவகாரத்தில் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

சொன்ன சொல்லைக் கடைக்குட்டி காப்பாற்றினாள். அம்மா வழுக்கி விழுந்தபோது போனாள். கண் அறுவைக்குப் போனாள். ஒன்றுமே இல்லாமல், “மனசு ஒரு மாதிரி இருக்குடி” என்றபோதும் போனாள். கடைக்கார அம்மாள் நல்லவர், முணுமுணுத்துக்கொண்டே லீவு கொடுப்பார். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் அண்ணனும் அக்காவும் நிற்கிற குடிமக்கள் வரிசை இவளுக்குக் கிடையாது. வெளிநாட்டவர் வரிசையில் நின்று, ஏன் இத்தனை முறை போய் வருகிறாய் என்கிற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் “அம்மா” என்று பதில் சொல்ல வேண்டும்.

அப்பா விட்டுப்போன கடைக்கட்டடம் ஒன்று அங்கே வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அதையும் இவள் பெயருக்கே மாற்றினார்கள். பிள்ளைகளில் அந்த நாட்டுக் குடிமகள் இவள் ஒருத்திதானே! அதனால் அந்த வாடகைக்கு அங்கேயும் கணக்குக் காட்டி, இங்கேயும் கணக்குக் காட்டுகிற தலைவலி இவளுக்கு வந்து சேர்ந்தது. வாடகை என்னவோ அம்மாவின் மருந்துக்கும், அவளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் சம்பளத்துக்கும் போனது. வரித்தாள்களை எல்லாம் அண்ணன்தான் நிரப்புவார். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுத்துவிடுவார். இவள் மஞ்சளைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். உடன்பிறந்தவர்கள் கொடுத்த தாளைப் படித்துப் பார்ப்பது அவளுக்கு மரியாதைக் குறைவாகத் தெரிந்தது.

அவளுக்கும் ஒரு காலம் வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர், மனைவியை இழந்தவர், சீருடைக் கால்சட்டையைத் திருத்த வந்தவர், பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தார். கடைசியில் கேட்டேவிட்டார். அவருக்கு வேறு நாட்டில் அண்ணன் மகன் இருந்தான், அங்கே போய்விடுகிற யோசனை. இந்த நாட்டுக் குடியுரிமை இருந்தால் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றார். கடைக்குட்டி முகமெல்லாம் சிவந்துபோய் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் கோபிக்கவில்லை.

“உன் இஷ்டம்தான், நான் குறுக்கே நிக்க மாட்டேன். அம்மாவுக்கு யாருன்னு மட்டும் யோசிச்சுக்கோ” என்றார்.

நன்றாக யோசிக்கச் சொன்னார்! அவள் யோசித்தாள். பேருந்துக்காரர் அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை வந்தார், எந்தத் திருத்தமும் தேவைப்படாத ஒரு கால்சட்டையோடு. அவள் அதை அயர்ன் பண்ணி, மடித்து, பையில் போட்டுக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

இப்படியே வருடங்கள் ஓடின. அண்ணன் பிள்ளைகளும் அக்கா பிள்ளைகளும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணன் ஓய்வு பெறுகிற நேரத்தில் அப்பாவின் கடைக்கட்டடத்துக்கு நல்ல விலை வந்தது. வாங்குகிறவர் நாள் குறித்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டியவள் கடைக்குட்டி. அவளுடைய பாஸ்போர்ட்டோ காலாவதி ஆகிற கட்டத்தில் இருந்தது.

“உடனே தூதரகத்துல குடுத்து மாத்திடு” என்றார் அண்ணன்.

“அம்மா குரலே சரியில்லண்ணா. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து குடுக்கிறேனே.”

“அது வழக்கமா வர்ற இருமல்தான். நேத்துகூடப் பேசினேன். இப்ப குடுத்தாதான் பத்திரப் பதிவுக்குள்ள புதுசு கைக்கு வரும்.”

அவளுக்கு அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. கொண்டுபோய்க் கொடுத்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டி, ரத்து என்று முத்திரை குத்தி, புதியது வரச் சில வாரம் ஆகும் என்றார். அத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் கைப்பை பாஸ்போர்ட் இல்லாமல் வீடு திரும்பியது.

அடுத்த வாரம், ஒரு கல்யாண உடையின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பெண். “அக்கா, அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். மூச்சு வாங்குது. உங்களைத்தான் கேக்குறாங்க. உடனே வாங்க” என்றாள்.

கடைக்குட்டி பதறியடித்து அண்ணனைக் கூப்பிட்டாள். “பாஸ்போர்ட் இல்லையே அண்ணா, நான் எப்படிப் போவேன்? உங்களுக்கும் விசா எடுக்க நாள் ஆகுமே! அம்மா தனியா கிடக்கிறாளே!”

“நீ பதறாத. நானும் அக்காவும் இன்னிக்குச் சாயங்காலமே கிளம்புறோம்.”

“விசா?”

“அது வேண்டாம். கார்டு இருக்கு.”

“என்ன கார்டு?”

அண்ணன் கொஞ்சம் இழுத்தார். “பழைய குடிமக்களுக்குன்னு குடுக்கிறாங்களே, அது. ஆயுசு முழுக்கச் செல்லும். விசா இல்லாமலே போகலாம், வரலாம்.”

“எப்ப எடுத்தீங்க?”

“அது ஆச்சு. பசங்க ஸ்கூல் படிக்கும்போது.”

“அக்காவுமா?”

“எல்லாரும் ஒண்ணாத்தான் எடுத்தோம்.”

கல்யாண உடை அவள் மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. “என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டாள்.

“சொல்லக் கூடாதுன்னு இல்ல. தோணல. நீதான் போய் வந்துட்டு இருந்தியே” என்றார் அண்ணன். அதில் பொய்யே இல்லை, அதனால்தான் வயிறு எரிகிறது. அவர்களுக்குத் தோன்றவில்லை. நேரமில்லை, மனசில்லை என்று சொல்வதைவிடப் பேப்பர் சிக்கல் என்று சொல்வது வாய்க்குச் சுலபமாக இருந்தது. அதையே அம்மாவிடமும் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

சண்டை போட அவளுக்கு நேரமில்லை. தூதரகத்துக்கு ஓடினாள். அவசரத்துக்குத் தற்காலிகப் பயணத்தாள் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். சன்னல்காரர் கெட்டவர் இல்லை. அவள் அழுவதைப் பார்த்துத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். “உங்க புது பாஸ்போர்ட் ஏற்கெனவே அச்சுக்குப் போயிடுச்சும்மா. அதை நிறுத்தினாதான் இந்தத் தாளைக் குடுக்க முடியும். தலைமை அலுவலகத்துலேர்ந்து பதில் வரணும். ரெண்டு நாள் விடுமுறை வேற. திங்கக்கிழமை காலைல முதல் ஆளா வாங்க” என்றார். திங்கட்கிழமை வரை அம்மாவை நிறுத்திவைக்க எந்த அலுவலகத்தில் போய் மனுக் கொடுப்பது?

மறுநாள் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டில். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் அக்கா. நடுவில் அம்மா, ஒரு கைப்பிடி உடம்பாக. ஆனால் முகம்! அப்படி ஒரு வெளிச்சத்தை அம்மா முகத்தில் கடைக்குட்டி பார்த்ததே இல்லை. இத்தனை முறை ஓடி ஓடிப் போய் நின்றிருக்கிறாளே, ஒரு முறைகூட அது அவளுக்காக வந்ததில்லை. வருகிறவள்தானே அவள்.

“அம்மா, நான் கடைக்குட்டிம்மா. பாஸ்போர்ட்டை மாத்தக் குடுத்துட்டேன்மா. கைல இல்லம்மா.”

அம்மா போனை உற்றுப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, “உனக்கு என்னடி பேப்பர் சிக்கல்? அவங்களுக்குத்தானே. அவங்களே எப்படியோ வந்துட்டாங்களே” என்றாள்.

கடைக்குட்டி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம் அம்மா, பல வருஷமாக வந்திருக்கலாம் என்று ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அந்த முகத்து வெளிச்சம் அணைந்துவிடும். அம்மாவுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கடைக்குட்டி முழுங்கிவிட்டாள்.

“சீக்கிரம் வந்துடறேன்மா” என்றாள்.

“பரவால்ல, உனக்கு வேலை இருக்கும்” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கண்ணை மட்டும் அண்ணன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போய்விட்டாள். செய்தி சொல்லக் கூப்பிட்ட அக்காவால் பேசவே முடியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டில் போனைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது கொஞ்சம் ஓய்ந்த பிறகு கடைக்குட்டி கேட்டாள், “அக்கா, நான் வர முடியாமத்தான் வரலன்னு அம்மாகிட்ட எடுத்துச் சொன்னியா?”

“சொன்னேன்டி. சத்தியமா சொன்னேன். அவளோட பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சிருக்காங்கம்மா, அவ துடிச்சுட்டு இருக்கான்னு திரும்பத் திரும்பச் சொன்னேன்.”

“அம்மா என்ன சொன்னா?”

“அதை விடுடி” என்றாள் அக்கா. கடைக்குட்டி மறுபடி கேட்டாள்.

“என் கையைத் தடவிக் குடுத்தா. ‘தங்கச்சியை விட்டுக்குடுக்காமப் பேசுற, உனக்கு நல்ல மனசு’ன்னா” என்றாள் அக்கா.